மாளிகைச் சுவரில் புலி, இருளன் பையில் பாம்பு

காட்டுயிரைக் காப்பாத்த வேணாம்னு நான் சொல்லல. பாம்போட அருமை இருளனைவிட எவனுக்குத் தெரியும்? நான் செங்கல்பட்டுப் பக்கத்து இருளன். சட்டம் யார் கழுத்தைப் பிடிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. சரி. அதுவரை அந்தத் தோலில் செருப்பும் கைப்பையும் போட்டவர்கள் மேல்நாட்டுச் சீமாட்டிகள். கப்பலேற்றிக் காசு பார்த்தவர்கள் வியாபாரிகள். பொந்துக்குள் கைவிட்டுக் கடிபட்டவன் இருளன். தடை வந்ததும் வியாபாரி வேற சரக்குக்கு மாறிக்கிட்டான். எங்க அடுப்புல பூனை தூங்குச்சு. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது 1978-ல்தான்.

இதே சட்டத்தின் 40-ஆம் பிரிவைப் பாருங்கள். வீட்டில் புலித்தோல் வைத்திருந்தவர் 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். 42-ஆம் பிரிவின்படி உரிமைச் சான்றிதழ் கிடைக்கும். அப்போது விட்டவர்களுக்கு 2003-ல் இன்னொரு 180 நாள் அவகாசம். ஜமீன்தார் சுட்ட புலி குற்றமில்லை, சொத்து!

57-ஆம் பிரிவு என்ன சொல்லுது? பொருள் உன் கையில் இருந்தால் நீ குற்றவாளிதான். இல்லையென்று நிரூபிப்பது உன் பொறுப்பு. சாதிச் சான்றிதழுக்கே வருசக்கணக்கா தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கிறவன் எந்தக் காகிதத்தை நீட்டுவான்?

கேரளத்தில் ஒரு பெரிய நடிகர் வீட்டில் 2011-ல் வருமான வரிச் சோதனையின்போது யானைத் தந்தங்கள் கிடைத்தன. 2016-ல் அரசே அவருக்கு உரிமைச் சான்றிதழ் கொடுத்தது. அது செல்லாது என்று 2025-ல் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இருளனுக்கு எந்த அரசு இப்படி ஓடி வந்தது?

பாம்புக்கடி மருந்துக்கு நஞ்சு எடுத்துக் கொடுப்பது எங்கள் கைதான். அதற்கும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை எண்ணித்தான் கொடுக்கும். 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம். ஆனால் விருது வேறு, நீதி வேறு அய்யா.

சட்டம் வேணும். கடுமையாகவே வேணும். ஆனா அது வாங்குறவன்கிட்ட தொடங்கட்டும், ஏத்தி அனுப்புறவன்கிட்ட தொடங்கட்டும். பிடிக்கிறவனுக்கு முதலில் வேறு பிழைப்பைக் கொடு; பிறகு தடை போடு. மாளிகைச் சுவரில் தொங்குவதை இறக்கிவிட்டு வந்து எங்கள் பையை அவிழ்த்துப் பார்.