கடைத்தெரு அழகானால் வாடகை என்ன ஆகும்?



எங்கள் ஊர்க் கடைத்தெருவை நகராட்சி செலவிலேயே சீர்செய்யப் போகிறார்களாம். அகலமான நடைபாதை, மூடிய சாக்கடை, எல்லாக் கடைக்கும் ஒரே அளவில் பெயர்ப்பலகை, ஒரே வண்ணத்தில் முகப்பு என்று வரைபடம் எல்லாம் வந்துவிட்டது. அந்தத் தெருவில்தான் என் கணவர் பதினெட்டு வருஷமாக மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். லைனிங் துணி, ஃபால்ஸ், லேஸ், நூல், ஊக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி வாடகைக் கடை. அந்த வருமானத்தில்தான் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் படித்தார்கள்.

வியாபாரிகள் சங்கம் இதை வேண்டாம் என்கிறது. என் கணவரும் அதே கட்சி. "வண்டி நிறுத்த இடம் இல்லேன்னா எவன் கடைக்கு வருவான்?" என்கிறார். "ஏங்க, உங்க கடைக்கு எவனுமே வர்றதில்லையே. வர்றது பூரா பொம்பளைங்க. அதுல முக்கால்வாசிப் பேர் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வர்றவங்க" என்றேன். அன்று அவர் பதில் பேசாமல் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

நடந்து கடைக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்தத் தெரு தெரியும். ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை, புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. கடைக்காரர் படிக்கட்டை வெளியே இழுத்துக் கட்டியிருப்பார், அதற்கு முன்னால் பைக், பைக்குக்கு முன்னால் சாக்கடைப் பலகை. என் மாமியார் போன ஆடியில் உடைந்த பலகையில் கால் மாட்டி விழுந்தார். இரண்டு மாதம் கட்டு. "கடைக்காரன் வீட்டுப் பொம்பளையே கடைத்தெருவுல விழுந்தா மத்தவ என்ன பண்ணுவா?" என்று அத்தை கேட்டதற்கு எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

சென்னையில் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பாண்டி பஜாருக்குப் போவேன். சீர்மிகு நகரத் திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் தியாகராய சாலையை மாற்றி 2019 நவம்பரில் திறந்தார்கள். அங்கேயும் கடைக்காரர்கள் முதலில் வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்று பயந்தவர்கள்தான். இப்போது அகலமான நடைபாதையில் கைக்குழந்தையோடு பெண்கள் நிதானமாக நடக்கிறார்கள். பெஞ்சில் கணவன்மாரை உட்கார வைத்துவிட்டுப் புடவை எடுக்கிறார்கள். (அந்த வசதி ஒன்றுக்கே 40 கோடி கொடுக்கலாம் என்பது என் தங்கையின் கருத்து!)

ஆனால் அதே பாண்டி பஜாரில்தான் நடைபாதையில் ஹேர்பின், கிளிப், பர்ஸ் விற்றவர்களை அதற்கு முன்பே அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். பத்து ரூபாய் ஹேர்பின் வாங்க யாரம்மா மாடி ஏறுவார்கள்? எங்கள் தெருவிலும் பூக்காரம்மா இருக்கிறார், கீரைக்காரி இருக்கிறார், சேஃப்டி பின் விற்கும் பாட்டி இருக்கிறார். வரைபடத்தில் மரம் இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது. இவர்கள் மூவரும் இல்லை. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். பூக்காரம்மாவிடம் இதைச் சொன்னேன். "என்னையா கூப்பிடுவாங்க?" என்று சிரித்தார்.

முகப்பு விஷயத்துக்கு வருகிறேன். வடநாட்டு யாத்திரையில் அமிர்தசரஸ் பார்த்தோம். டவுன்ஹாலிலிருந்து பொற்கோயில் வரை உள்ள தெருவில், 2016-ல், கடைகளின் முகப்பை எல்லாம் ஒரே மாதிரி மாற்றியிருக்கிறார்கள். பார்க்க அரண்மனைத் தெரு மாதிரி இருந்தது. பக்கத்துச் சந்தில் திரும்பியதும் பழைய கட்டடம் பழையபடியே நின்றது. சினிமா செட் பார்த்த உணர்வுதான் எனக்கு. எங்கள் ஊருக்கு வண்ணம் அப்புறம் வரட்டும். காலை ஒன்பது முதல் ராத்திரி ஒன்பது வரை கடையில் நிற்கும் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை முதலில் வரட்டும். எங்கள் கடையில் வேலை செய்யும் பெண் மத்தியானம் தண்ணீரே குடிக்க மாட்டாள். காரணம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் தூக்கத்தைக் கெடுப்பது இது எதுவும் இல்லை, வாடகைதான். திட்டம் பற்றிப் பேச்சு வந்ததுமே கட்டட உரிமையாளர், "தெரு ரெடியாகட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று என் கணவரிடம் சொன்னார். என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாதா? தெருவுக்குச் செலவழிப்பது நகராட்சி, அதாவது நம் வரிப்பணம். அதனால் ஏறுவது அவர் கட்டடத்தின் மதிப்பு. கூடுதல் வாடகை கொடுப்பதோ காலி செய்வதோ நாங்கள்.

பதினெட்டு வருஷமும் வாய்ப்பேச்சில்தான் ஓடியது. அட்வான்ஸ் கொடுத்ததுகூட நோட்டில் எழுதியதோடு சரி. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை உரிய அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வாடகை உயர்வும் அந்த ஒப்பந்தப்படிதான். ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்லவும் அதில் வழி இருக்கிறது. இது என் கணவருக்குத் தெரியாது. மகள் படித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

அமெரிக்காவில் சிகாகோ நகரில் கடை, கட்டடங்களைச் செப்பனிட நகர நிர்வாகமே செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. சொந்தக்காரர்தான் கேட்கலாம் என்றில்லை, வாடகைக்கு இருப்பவரும் கேட்கலாம். நம் ஊரிலும் முகப்புக்குப் பணம் செலவழிக்கும் முன், இத்தனை வருஷத்துக்கு வாடகையை இதற்கு மேல் ஏற்றுவதில்லை என்று கட்டட உரிமையாளர்களிடம் எழுதி வாங்கினால் என்ன? இலவசமாக முகப்பு வேண்டும் என்கிறவர் ஒரு கையெழுத்துப் போடக் கூடாதா? சங்கம் இதைக் கேட்காமல் பைக் நிறுத்தும் இடத்துக்காக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது. சங்கத் தலைவர்கள் பலருக்கும் சொந்தக் கட்டடம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வாரம் நானே என் கணவரோடு உரிமையாளர் வீட்டுக்குப் போனேன். ஐந்து வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு இத்தனை சதவீதம்தான் உயர்வு என்று மகள் எழுதித் தந்த தாளைக் கொடுத்தேன். "நீங்க எதுக்கும்மா இதுக்கெல்லாம் அலையறீங்க?" என்றார். காப்பி கொடுத்தார். கையெழுத்து இன்னும் போடவில்லை.

இப்படித் தெரு சீராகிவிட்ட ஊர்களில் கடை வைத்திருக்கும் சகோதரிகள் யாராவது இருந்தால், அதன் பிறகு வாடகை என்ன ஆயிற்று என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். அடுத்த முறை அவர் வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போகிறேன்.

– ஒரு கடைக்காரரின் மனைவி