ஃபார்மேட் போடுவதற்கு முன்

வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதாகிக் கடைக்குப் போனால், மூடியைத் திறப்பதற்கு முன்பே ஒரு பேச்சு வந்துவிடும்: "ஃபார்மேட் போட்டுடலாம் சார், புதுசு மாதிரி ஓடும்." ஓடும் என்பது உண்மை. உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும் என்பதும் உண்மை. முக்கால்வாசிப் பழுதுகளுக்கு ஃபார்மேட் தேவையே இல்லை. தேவைப்படும் இடத்திலும் அதற்கு முன்னால் செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் ஹார்டு டிஸ்க்கைத் துடைப்பதைப் பழுது பார்த்தல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாட்டுதானே போச்சு, நெட்டில் கிடைக்காதா என்று கேட்பார்கள். சினிமாப் பாட்டு கிடைக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கிற பாட்டு எங்கேயும் கிடைக்காது.

எங்கள் ஆர்.கே.பேட்டை திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணிப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, பேச்சும் பாட்டும் இரண்டு பக்கமும் கலந்தேதான் இருக்கின்றன. தறி ஓட்டுகிறவர் வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார், தெருவுக்கு வந்தால் தமிழ் பேசுவார்.

என் அப்பா மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடிக் கிருத்திகைக் காவடி, எல்லாவற்றுக்கும் குழாய் கட்டுவார். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் நாட்கள்தான் அவருக்குப் பெரிய வேலை. பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து டேப் ரிக்கார்டரில் சொருகிவிட்டு, மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கூத்து ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய ஆறு மணி வரை போகும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம்தான். ஓர் இரவுக்கு ஆறு கேசட் வேண்டும். கேசட்டைத் திருப்பிப் போடுகிற அந்த ஒரு நொடியில் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் என்ன சொன்னான் என்பது இனி யாருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் இருக்கிறது. அர்ஜுனன் தபசு, கர்ண மோட்சம், துரியோதனன் படுகளம், முகவீணையின் கீச்சுக் குரல், நடுவில் "வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்" என்று மைக்கில் கேட்கும் தர்மகர்த்தாவின் குரல், எல்லாம்.

புரிசை கண்ணப்பத் தம்பிரான் வழி வந்த கூத்தை உலகம் அறியும். ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள், ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன. எங்கள் பக்கத்துச் சின்னக் கூத்து ஜமாக்களைப் பதிவு செய்ய எந்த ஆய்வாளரும் வந்து நான் பார்த்ததில்லை. மைக்செட்காரர்கள் செய்த பதிவுதான் அவர்களுக்கு மிச்சம். அந்தக் கேசட்டுகள் பல வீடுகளில் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் கம்ப்யூட்டருக்கு மாறின. மாற்றிய பிறகு கேசட்டுகளைக் குப்பையில் போட்டார்கள். இப்போது அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன.

நிற்பதற்கான காரணங்களில் ஒன்று எங்கள் ஊருக்கே உரியது. தறி ஓடுகிற வீட்டில் பஞ்சு காற்றிலேயே மிதக்கும். அது சிபியுவின் ஃபேன் வழியாக உள்ளே போய், ப்ராசசர் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் மெத்தையாகப் படிந்துவிடும். காற்று போகாது, சூடு ஏறும், இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். ஆன் செய்து பத்து நிமிடத்தில் அணைகிறது என்றால் வைரஸ் என்று முடிவு கட்டாதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் சுத்தம் செய்தாலே பாதி இயந்திரங்கள் எழுந்துவிடும். திரையே வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டால் ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருப்பதால்தான் இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று மிரட்டுகின்றன. இந்த மூன்று பழுதுக்கும் ஃபார்மேட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஹார்டு டிஸ்க் மட்டும் வேறு கதை. உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ, உடனே அணைத்துவிட வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். அதில் மஞ்சள் நிறம் தெரிந்தால் அன்றைக்கே நகல் எடுத்தாக வேண்டும். விண்டோஸ் எழவில்லை என்றால் பாட்டு போய்விட்டது என்று பொருள் இல்லை. ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து இயக்கினால், டிஸ்க்கில் உள்ள கோப்புகள் அப்படியே தெரியும்; வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அப்படி வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் விழுந்த மடிக்கணினியிலும் அந்த இன்னொரு வாசல் திறந்துகொள்ளக்கூடும். பிள்ளைகளுக்கு அதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா. அவர் வீட்டுக்காரர் துரியோதனன் வேஷம் கட்டியவர், இறந்துவிட்டார். அவர் ஆடிய இரவுகளின் பதிவு மகன் வாங்கிய கம்ப்யூட்டரில் இருந்தது. அது எழவில்லை என்று பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் ஃபார்மேட் செய்து, புது விண்டோஸ் ஏற்றி, பில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அக்கா என்னிடம் வந்து, "ஏம்பா, அவுரு கொரலு அதுலதான் இருந்துச்சி. திரும்ப வருமா?" என்று கேட்டார்.

நல்ல வேளையாக அதற்கு மேல் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி வழியாக என் இயந்திரத்தில் இணைத்து, அதில் எதையும் எழுதாமல், ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டினேன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பாட்டையும் மீட்கும். ஆனால் அது கோப்புப் பெயரையும் ஃபோல்டரையும் பார்ப்பதில்லை. டிஸ்க்கின் பரப்பைத் தடவிக்கொண்டே போய், இங்கே ஒரு பாட்டு தொடங்குகிறது என்று தெரிந்தால் எடுத்து, வெறும் எண்ணையே பெயராக வைத்துத் தரும். வந்து குவிந்தவற்றில் சினிமாப் பாட்டுகள் தங்கள் பெயரோடு வந்தன. எம்பி3 கோப்புக்குள்ளேயே பாட்டின் பெயர், பாடியவர், படம் ஆகியவற்றை எழுதிவைக்கும் இடம் உண்டு, டேக் என்பார்கள். ஃபோல்டர் அழிந்தாலும் அது அழியவில்லை. கூத்துப் பதிவுகளுக்கு உள்ளே எதுவும் எழுதப்படவில்லை. எந்த ஊர், எந்த வருடம், எந்த இரவு என்பதெல்லாம் ஃபோல்டரின் பெயரில் மட்டும் இருந்தது. ஃபோல்டரோடு அதுவும் போய்விட்டது. புது விண்டோஸ் ஏறிய இடத்தில் இருந்த பகுதி மீளவே இல்லை. மீந்ததை அக்காவே பல நாள் உட்கார்ந்து கேட்டு, குரலை வைத்துப் பிரித்தார். எஸ்எஸ்டி இருந்திருந்தால் இந்த அளவுகூட வந்திருக்காது. துடைத்த இடத்தை அது தானே காலி செய்துவிடும்.

ஆகவே, பாட்டைச் சேர்த்துவைக்கிற எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: பெயரைப் பாட்டுக்குள் எழுதுங்கள். எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருள் போதும். முதலில் வந்த டேக் முறையில் ஒரு பெயருக்கு 30 பைட்டுதான் இடம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கும், கொம்புக்கும், கால் எழுத்துக்கும், புள்ளிக்கும் தனித்தனியே மூன்று மூன்று பைட்டு வேண்டும். டி.எம்.சௌந்தரராஜன் என்ற பெயர்கூட அதில் கொள்ளாது. 1998-இல் வந்த இரண்டாம் முறையில் அந்தத் தடை இல்லை. பழைய எம்பி3 சிடிக்களில் தலைப்பு கோணல்மாணலாகத் தெரிந்தால், அது திஸ்கி போன்ற பழைய குறியீட்டில் அடித்த தமிழாக இருக்கலாம். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

டேக்கின் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்பதிலும் ஒரு சிக்கல். இந்த மென்பொருள்கள் எல்லாம் மேல்நாட்டு ஆல்பங்களை மனதில் வைத்துச் செய்தவை. பாடகர் பெயரைத்தான் முதலில் கேட்கும். நாம் படத்தையும் இசையமைப்பாளரையும் வைத்துத் தேடுகிறவர்கள். நான் ஆல்பம் என்ற இடத்தில் படப் பெயர், கம்போசர் என்ற இடத்தில் இசையமைப்பாளர், ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் பாடியவர்கள் என்று வைத்திருக்கிறேன். திருத்தணியில்தான் முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது மரபு. அவருடைய கீர்த்தனைகளுக்குக் கம்போசர் தீட்சிதர், ராகம் கமென்ட் கட்டத்தில். கூத்துக்கு ஆல்பம் என்றால் கோயில், ஊர், வருடம். ஆர்ட்டிஸ்ட் என்றால் ஜமாவும் வாத்தியாரும். வேஷம் கட்டியவர் ஒவ்வொருவரின் பெயரும் கமென்டில் இருக்க வேண்டும். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும்.

இன்னும் கேசட் வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு எம்பி3 ஆக்க வேண்டாம். எம்பி3 அளவைச் சுருக்க ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிகிறது, எறிந்தது திரும்பாது. ஃபிளாக் என்ற முறை எதையும் எறியாமல் சுருக்கும், தமிழ் டேக்கையும் தாங்கும். சுருக்காத நிலையில் 90 நிமிடக் கேசட் ஏறக்குறைய 950 எம்பி வரும். ஓர் இரவுக் கூத்து ஆறு ஜிபிக்குள் அடங்கும். ஃபிளாக்கில் இன்னும் குறையும். இன்று ஒரு மெமரி கார்டிலேயே ஒரு முழு பாரதத்தை வைக்கலாம். பதிவதற்கு முன் கேசட்டை ஒரு முறை கடைசி வரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். ஒட்டியிருந்த நாடா பிரியும். டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மடிக்கணினியின் மைக் ஓட்டையில் சொருகினால் ஒலி கரகரக்கும், பெரும்பாலும் இடம் வலம் பிரியாது. லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள். ஆடாசிட்டியில் பதியுங்கள். உறுமல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். தறியை நிறுத்தியிருக்கும் நேரத்தில் செய்தால் மின்னழுத்தமும் அலைபாயாது.

சேர்த்ததை இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஆப்பில் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு சொல்: விங்க் மியூசிக்கை 2024-இல் மூடினார்கள். 2023-இல் ஒப்பந்தம் ஒத்துவராமல் ஜீ மியூசிக்கின் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையிலிருந்து மறைந்தன. ஆப்பில் நாம் சேர்ப்பது பட்டியல் மட்டும், பாட்டு நம்முடையதல்ல.

விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. பழைய இயந்திரங்கள் மறுபடி கடைகளுக்குப் போகின்றன. மறுபடி ஃபார்மேட் பேச்சு எழுகிறது. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கிளை நூலகத்திலாவது ஒரு கேசட் டெக், ஒரு சவுண்ட் கார்டு, இரண்டு டிஸ்க், வேலை தெரிந்த ஓர் இளைஞர் என்று அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் அச்சிட்ட தமிழைப் பத்திரப்படுத்துகிறது. கூத்துக்கு அச்சு இல்லை, குரல்தான் இருக்கிறது.

அரசு செய்யும் வரை கடைக்காரத் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். இயந்திரத்தை வாங்கும்போது, "உள்ளே வேறெங்கும் இல்லாத பதிவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். நகல் எடுத்த பிறகே ஃபார்மேட் போடுங்கள், அதற்குத் தனியாகக் கூலி வாங்கிக்கொள்ளுங்கள், நகல் எடுத்ததை ரசீதில் எழுதிக் கொடுங்கள். இயந்திரத்தைக் கொண்டுபோகிறவர்களே, அந்த வரி ரசீதில் இல்லை என்றால் கடையை விட்டு நகராதீர்கள்.