இருளில் ஏமாற்றும் பழைய வண்டி

இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியப் படைக்கு உழைத்த பி. எஸ். ஏ. எம்-20 போன்ற மோட்டார் சைக்கிளைப் பேணும் அன்பர்க்கு ஓர் எச்சரிக்கை. இவ்வண்டியில் எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறியை மக்னீற்றோ தனியே தருகிறது. ஆதலின், டைனமோ பழுதாகிப் பற்றரி ஓய்ந்த பின்னும் வண்டி ஓடும். பகலிற் குறை தெரியாது. இரவு நடுவழியில் விளக்கு அணையும்போதே தெரியும். அப்பொழுது உயிருக்கே இடர்.

விளக்கு மங்கியதும் புதுப் பற்றரி வாங்க விரையாதீர்கள். முதலிற் பற்றரி முனைகளைத் துலக்கி, இணைப்புகளை இறுக்குங்கள். அதன் பின்னும் குறை தீராவிடின், வண்டியை நிறுத்திவைத்து டைனமோவைச் சோதியுங்கள். அதன் டி, எஃப் என்னும் முனைகளிலுள்ள வயர்களைக் கழற்றி, அம்முனைகளிரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். அக்கம்பிக்கும் டைனமோவின் உடலுக்குமிடையே வோல்ற்றுமானியைப் பொருத்தி, எஞ்சினை மெல்ல முடுக்குங்கள். முள் விரைந்து 6 வோல்ற்றைக் கடந்தால் டைனமோ நலமே. குறை சீராக்கியிலோ வயரிலோ உண்டு. 10 வோல்ற்றுக்கு மேல் ஏற விடலாகாது. முள் எழாவிடின், டைனமோவின் கரித்தூரிகைகள் தேய்ந்தனவோ, அழுக்கேறினவோ எனப் பாருங்கள்.

நோய் எதுவென்று அறியாமல் மருந்து வாங்குவார் உண்டோ? வண்டிக்கும் அந்நெறியே பொருந்தும்.