ரிசீவரா? எந்த ரிசீவர்?

அமெரிக்காக்காரர்கள் போடும் வீடியோக்களில் ரைஃபிள் கிட் ஒன்று பார்சலில் வருகிறது. சமையலறை மேஜையில் பரப்பிவைத்துப் பூட்டுகிறார்கள், அரை மணியில் துப்பாக்கி ரெடி. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு இதைப் பார்க்கிற பையனுக்கும் ஆசை வரத்தான் செய்யும். அடுத்து ஒரு கேள்வியும் வரும்: "நம்ம கிட்டுக்கு எந்த ரிசீவர் நல்லது?"

ரிசீவர் என்பது துப்பாக்கியின் உடல். முன்னால் குழல், பின்னால் கட்டை, உள்ளே விசை எல்லாம் அதில்தான் வந்து சேரும். அமெரிக்காவின் 1968 சட்டப்படி இந்த ஒரு பாகம்தான் 'துப்பாக்கி'. நம்பர் குத்துவது இதில்தான். குழலோ கட்டையோ வெறும் உதிரி பாகம். அதனால்தான் அங்கே எந்த ரிசீவர் என்பது பெரிய கேள்வி.

இந்தச் சட்டத்தில் ஓட்டை போட்டவர்களும் அங்கேயே இருந்தார்கள். முக்கால்வாசி முடித்த ரிசீவரை, "இது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை" என்று நம்பர் இல்லாமல் விற்றார்கள். மீதியை வாங்கினவர் வீட்டில் முடித்துக்கொண்டார். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்தால் யாருடையது என்று போலீஸால் தேட முடியாது. 2022-ல் அரசு புது விதி போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

நம்ம ஊரில் இந்தக் குழப்பமே கிடையாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான். அதைச் செய்கிற இயந்திரமும்கூட! (கைத்தடி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.) லைசென்ஸ் இல்லாமல் செய்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். ஆக, தென்காசியில் தேர்ந்தெடுக்க ரிசீவரே இல்லை.

"வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தானே, வாஞ்சி பிறந்த மண்ணில் இதுவா பேச்சு?" என்று செங்கோட்டைப் பக்கம் யாராவது சூடாகலாம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். அன்றைக்கு இருந்த 1878 சட்டம் இந்தியனிடம் லைசென்ஸ் கேட்டது, ஐரோப்பியனை விட்டுவிட்டது. அது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் 1959 சட்டம் அதை ரத்து செய்துவிட்டுத்தான் வந்தது. இதில் துரைக்கும் ஒரே விதி, குப்பனுக்கும் ஒரே விதி. பழைய கோபத்தைப் புதுச் சட்டத்தின்மேல் காட்டுவது சரியில்லை.

நிஜமாகவே பேச வேண்டியது வடகரை, மேக்கரைப் பக்கத்து விவசாயியைப் பற்றி. ராத்திரி யானை வந்தால் வாழையும் தென்னையும் போச்சு. பன்றி தோண்டினால் கிழங்கு போச்சு. அவருக்குத் துப்பாக்கி பொழுதுபோக்கு இல்லை. சட்டத்துக்கும் இது தெரியும். பயிர்க் காவலுக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கி என்றால், தகுந்த தடை எதுவும் இல்லாதபட்சத்தில் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று 13-ம் பிரிவே சொல்கிறது. ஆனால் அதை வைத்துப் பன்றியைச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டம் பிடித்துக்கொள்ளும்! ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குகிற கதைதான். 2025-ல் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்றது. மலையடிவாரத்து வயலோ பெரும்பாலும் அந்த 3 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

இப்படி எல்லாக் கதவும் மூடினால்தான் ஒருவர் திருட்டு நாட்டுத் துப்பாக்கியைத் தேடிப் போகிறார். அதில் ரிசீவர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பின்பக்கம் அடைத்த இரும்புக் குழாய், ஒரு கட்டை, அவ்வளவுதான். என்ன இரும்பு, எவ்வளவு தாங்கும் என்று யாரும் சோதித்ததில்லை. வெடித்தால் முதலில் போவது பன்றி அல்ல, சுட்டவரின் கையும் கண்ணும். தப்பித்தாலும் கேஸ்.

அவருக்கு வேண்டியது நல்ல ரிசீவர் அல்ல. இழப்பீட்டுப் பணம் அடுத்த சாகுபடிக்கு முன்னால் கைக்கு வர வேண்டும். சூரிய மின்வேலிக்கு மானியம் வேண்டும். வனத்துறை ஜீப் கூப்பிட்ட ராத்திரியே வர வேண்டும். வீடியோ பார்க்கிற பையனுக்கோ 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள் இருக்கிறது. 20 ஜூலுக்கு மேல் சக்தி போகாவிட்டால் லைசென்ஸே வேண்டாம். அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அதை அவர் வீட்டு மேஜையில் பூட்டவில்லை :)