மின்கம்பத்தையும் படிப்போம்

தெரு ஓவியம் என்றதும் பலருக்குக் கண்ணகி நகர்தான் நினைவுக்கு வரும். அடுக்குமாடி உயரத்துக்குத் தீட்டிய முகங்கள், அவற்றின் முன் நின்று எடுத்த செல்ஃபிகள். அதற்குப் பிறகு வருவோம். நாம் முதலில் வாசிக்கப் பழக வேண்டியது ஓவியம் என்று யாருமே சொல்லாத ஒன்றை: தென்மாவட்டத்து மின்கம்பங்களின் இடுப்பில் சுற்றியிருக்கும் வண்ணப் பட்டைகளை.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தெரியும். ஊர் மாறுவதைப் பெயர்ப்பலகைக்கு முன்பே மின்கம்பம் சொல்லிவிடும். சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், பயணியர் நிழற்குடை, குடிநீர்த் தொட்டி எல்லாமே பொதுப்பணத்தில் கட்டியவை. அவற்றின் மேல் ஒரு சாதியின் நிறத்தைப் பூசுவது, பொதுச்சொத்துக்குத் தன் பெயரில் பட்டா எழுதிக்கொள்வதுதான். அதில் எழுத்து இல்லை. ஆகவே கேட்டால் "சும்மா கலர்தானே" என்று நழுவிவிடலாம். எந்தக் கலர் யாருடையது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதே நிறம்தான் மணிக்கட்டுக் கயிறாகப் பள்ளிக்கூடத்துக்குள் வருகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்டது நீதிபதி சந்துரு குழு. 2024 ஜூனில் அது தந்த அறிக்கை, பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிறு உள்ளே, கம்பம் வெளியே. அவ்வளவுதான் வித்தியாசம்.

காவல்துறை சில ஊர்களில் இந்த வண்ணங்களை அழித்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் இந்த வெள்ளையடிப்புக்குப் பின்னால் ஒரு பொதுப்புத்தி வேலை செய்கிறது: எல்லா நிறமும் சாதி நிறம், நீலமும் அதில் ஒன்று. இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. 1942இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியிலிருந்து வருகிற நீலம், எந்தச் சாதியின் ஆண்டபெருமையையும் பேசுவதில்லை. சேரிச் சுவரில் இருக்கும் அம்பேத்கரைக் கவனியுங்கள். உள்ளூர் பெயிண்டருக்கு முகம் கொஞ்சம் பிசகியிருக்கும் (சில சுவர்களில் கண்ணாடியை வைத்துத்தான் ஆளையே கண்டுபிடிக்க வேண்டும்). ஆனால் கோட்டும் டையும் பிசகாது, கையிலிருக்கும் சட்டப் புத்தகமும் பிசகாது. சட்டை போட்டதற்கும், செருப்போடு தெருவில் நடந்ததற்கும் அடி வாங்கிய மக்கள் தங்கள் தலைவரை அப்படித்தான் வரைவார்கள். அந்தக் கோட்டின் மீதுதான் சாணி அடிக்கிறார்கள். அதனால்தான் அவர் சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு நிற்கிறது.

நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் இளைஞர்கள் நம் தெரு முனைக் கம்பத்துக்கு நீலம் அடிக்கும்போது, அது அம்பேத்கரின் நீலமா, "இது எங்க ஏரியா" என்கிற நீலமா? பல இடங்களில் இரண்டாவதுதான். ஆதிக்கச் சாதியின் கம்பத்துக்குப் பதில் கம்பம். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் எதிரியின் இலக்கணத்தில் எழுதப்பட்ட வாக்கியம் அது. தெருக்கூட்டங்களில் இதைப் பேசாமல் நாம் தட்டிக்கழித்து வருகிறோம்.

இனி கண்ணகி நகர். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குப்பங்களிலிருந்தும் அகற்றப்பட்ட உழைக்கும் மக்களை, பெரும்பகுதி தலித்துகளை, 2000 முதல் கொண்டுபோய்ச் சேர்த்த இடம். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்ற நிலை. 2020இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே சுவரோவியங்களைத் தீட்டின. ஓவியர்களின் திறமையைக் குறை சொல்ல மாட்டோம். தன் வீட்டுச் சுவர் அழகானதில் பிள்ளைகளுக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அந்த முகங்களைப் பார்க்கிற வெளியாளுக்கு, இவர்கள் எங்கே குடியிருந்தார்கள், யார் அப்புறப்படுத்தினார்கள் என்பது தெரியாது. அவப்பெயர் சுவரின் நிறத்தால் வந்ததில்லையே.

சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரின் கம்பங்களையும் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். எந்தத் தேதி, எந்தத் தெரு, யார் பூசியது, யார் அழித்தது என்று குறியுங்கள். அழித்த இடத்தை மட்டும் ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள்.