தொற்றும் தோற்றமும்

1996 ஜூலையில் தொடங்கிய ஹாட்மெயில், தன் சந்தாதாரர் அனுப்பிய கடிதங்களின் அடியில் இலவசக் கணக்குக்கு அழைக்கும் ஒரு வரியைத் தானாகவே சேர்த்தனுப்பி, சுமார் ஒன்றரை வருஷத்தில் 1 கோடியே 20 லட்சம் பேரைத் திரட்டிக்கொண்டது. அந்த அதிசயத்தைக் குறிக்க அதன் முதலீட்டாளர்களான டிரேப்பரும் ஜுர்வெட்சனும் பரப்பிய ‘வைரல் மார்க்கெட்டிங்’ என்னும் பெயரே, பின்வந்த ஆராய்ச்சியைச் சற்று வழிதவறச் செய்தது என்பது என் அபிப்பிராயம்.

எந்தப் பரவலையும் ஆளுக்கு ஆள் தொற்றியதாகவே கொள்ளும் இந்த மயக்கம் அந்தப் பெயருக்கும் முந்தியது. 1950களில், இல்லினாய் மாநிலத்துப் பியோரியா முதலிய நான்கு ஊர்களின் வைத்தியர்களிடையே டெட்ராசைக்ளின் மருந்து பரவியதற்குச் சக வைத்தியர்களின் சகவாசமே காரணம் என்று கோல்மன், காட்ஸ், மென்செல் ஆகிய மூவரும் கண்ட முடிவைப் பாடநூல்கள் வேதவாக்காக ஓதிவந்தன. 2001-இல் வான் டென் புல்ட்டும் லிலியனும் அதே தரவுகளோடு, அக்காலத்து மருத்துவ இதழ்களில் மருந்துக் கம்பெனிகள் செய்த விளம்பரத்தின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அந்தத் தொற்று இருந்த இடம் தெரியாமல் போயிற்று. விளம்பரமே ஜீவனமாக உள்ள நாமும் நாற்பது வருஷகாலம் அதைக் கவனியாதிருந்தோம் என்பது வேடிக்கைதான்.

“இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே” என்று நம் பாட்டிமார் சொன்னதை யாஹூவின் 2 கோடியே 74 லட்சம் பயனர்களிடையே அளந்து பார்த்தவர்கள் அராலும் அவருடைய சகாக்களும் ஆவர். சிநேகிதர் இருவர் ஒரே சேவையை அடுத்தடுத்து ஏற்பது, ஒருவர் மற்றவரைத் தூண்டியதாலா, இருவருக்கும் இயல்பிலேயே ஒரே ருசி அமைந்திருப்பதாலா என்று பிரித்தறியாத பழைய முறைகள், தூண்டுதலின் பங்கை 300 முதல் 700 சதவீதம் வரை மிகைப்படுத்தியிருந்தன என்று 2009-இல் அவர்கள் காட்டினார்கள். ட்விட்டரில் சுமார் 100 கோடிப் பகிர்வுகளைப் பரிசீலித்த கோயல் குழுவினரோ, பெரும் பரவல்கள் பலவற்றின் வேரில் ஒரே மூச்சில் பெருங்கூட்டத்தைச் சென்றடைந்த ஒலிபரப்பு ஒன்று இருப்பதைக் கண்டனர்.

ஆயினும் தொற்றே பொய் என்று சொல்வதற்கில்லை. 2011-இல் அராலும் வாக்கரும் ஃபேஸ்புக்கில் குலுக்கல் முறையில் நடத்திய சோதனையில், பயனர் கை வைக்காமலே நண்பர்களுக்குச் செல்லும் அறிவிப்பு சகாக்களின் ஏற்பை 246 சதவீதம் உயர்த்திற்று. பெயர் குறித்து அனுப்பும் அழைப்பு, தனித்தனியே பார்த்தால் அதனினும் வலிமையுடையதாயினும், மெனக்கெட்டு அனுப்புவோர் சிலரே ஆதலால், மேலும் 98 சதவீதமே கூட்டிற்று. ஹாட்மெயிலின் அந்த ஒற்றை வரியும் யாரையும் மெனக்கெடச் சொல்லவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய சோதனைகளுக்குத் தளங்களின் தயவு வேண்டும். ட்விட்டர் 2023-இல் இலவசத் தரவு வழியை அடைத்தது, மெட்டா 2024-இல், பதிவுகளின் பரவலைக் காட்டிவந்த கிரௌட்டாங்கிள் என்னும் கருவியை நிறுத்தியது. ஆகவே தொழில் நடத்துவோரையே இந்த இதழ் நாடுகிறது: வாடிக்கையாளரில் ஒரு பகுதியினரைக் குலுக்கிப் பிரித்து, அவர்களுக்கு மட்டும் அழைப்பு அனுப்பாமல் விட்டுப் பார்த்தவர்கள், அந்தக் கணக்குகளை, எவருமே ஏறிட்டுப் பாராத பிரசாரங்களின் கணக்குகள் உட்பட, எமக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.