பல்பை மட்டும் மாற்றினால் போதுமா?

இரவு பதினொரு மணிக்கு மேல் எண்ணூர் விரைவுச் சாலையில் பைக் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற நாட்களில் இடது ஓரம் முழுக்க டிரெய்லர்கள்தான். பாதி வண்டிகளின் பின்விளக்கு தூசியில் மூடிக்கிடக்கும். எதிரே ஒரு பைக்கோ ஷேர் ஆட்டோவோ வெள்ளை வெளேரென்று எல்.ஈ.டி. போட்டுக்கொண்டு வரும். கண் இருட்டிக்கொண்டு வரும். திரும்பப் பார்வை தெளிய இரண்டு விநாடியாவது ஆகும்.

இரண்டு விநாடிதானே என்று தோன்றலாம். 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி அந்த நேரத்தில் 28 மீட்டர் போய்விடும். நாற்பது அடி கன்டெய்னர் ஒன்றின் நீளம் 12 மீட்டர்தான். ஆக, இரண்டு கன்டெய்னர்களுக்கு மேல் நீளமான தூரத்தைக் கண் தெரியாமலே கடக்கிறோம்!

இந்த எல்.ஈ.டி. பல்பை மாட்டுகிறவர்கள் எல்லாரும் பந்தயக்காரர்கள் இல்லை. விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்துக்குப் போகிறவர், மணலியில் ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவர், இப்படிச் சாதாரண ஜனங்கள்தான். கம்பெனி கொடுத்த விளக்கில் ரோடு தெரியவில்லை என்ற அவர்கள் குறை நியாயமானது. ஆனால் அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் தப்பு.

ஹெட்லைட்டில் வெளிச்சத்தை உண்டாக்குவது பல்பு. அதை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர். கார், லாரிகளில் வரும் எச்-4 ஆனாலும், பல பைக்குகளில் வரும் எச்எஸ்-1 ஆனாலும் ஹாலஜன் பல்புக்குள் இரண்டு சின்ன இழைகள் இருக்கும். லோ பீம் இழையின் அடியில் ஒரு குட்டித் தகடு கிண்ணம் மாதிரி நின்று, கீழ்ப்பக்கம் போகும் ஒளியை மறைக்கும். இல்லாவிட்டால் அந்த ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே கிளம்பி, எதிரே வருகிறவர் முகத்துக்குப் போகும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துத்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ரோட்டில் மீட்டர் கணக்கில் பிசகும்.

இப்போது அதே ஓட்டைக்குள் எல்.ஈ.டி. பல்பு போகிறது. ஒளி வருவது மெல்லிய இழையிலிருந்து இல்லை, தட்டையான சில்லுகளிலிருந்து. இழை இருந்த இடத்தில் அவை அச்சுப் பிசகாமல் உட்கார்வது அபூர்வம். மறைப்புத் தகடு சிலவற்றில் பேருக்கு இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. வெளிச்சம் கூடுகிறது, வாஸ்தவம். ஆனால் அது ரோட்டில் விழாமல் மரத்தின் மேலும், மேம்பாலத்தின் அடியிலும், எதிராளி கண்ணிலும் விழுகிறது. வண்டிக்கு முன்னால் பத்தடி மட்டும் பளிச்சென்று இருப்பதால் ஓட்டுகிறவருக்கு ‘சூப்பர் லைட்’ என்று தோன்றும். தூரத்தில் நிற்கும் டிரெய்லரோ முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். (எச்-4 ஹாலஜனின் லோ பீம் சுமார் 1,000 லூமென்தான். எல்.ஈ.டி. பெட்டி மேல் 20,000 என்று அச்சடிப்பவர்களை என்ன சொல்ல!)

தலையில் மாட்டும் டார்ச்சில் இந்த விளையாட்டை எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். சில்லை மாற்றி, ரிஃப்ளெக்டரை மாற்றி, தூரம் வேண்டுமா, அகலம் வேண்டுமா என்று சோதிக்கலாம். ரிச்சி தெருவில் அதற்கான சாமானும் கிடைக்கும். வண்டி விளக்குக்கு எதிரே ஆள் வருகிறார் என்பதுதான் வித்தியாசம்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகின கதை. லாபம் ஒருவருக்கு, செலவு சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்கு. பொருளாதார அறிஞர் பிகு 1920-ல் எழுதிய புத்தகத்தில், ரயில் என்ஜின் தீப்பொறி பட்டு ஓரத்துக் காடு எரிவதை இதற்கு உதாரணமாகச் சொன்னார். 1856-லேயே ரயில் பார்த்த ராயபுரத்துக்காரர்களுக்கு அது சட்டென்று புரியும் :-) பல்புக்குச் சில நூறு ரூபாய் கொடுத்தவர் முழு விலையும் கொடுத்துவிட்டதாக நினைக்கிறார். மிச்ச விலையைக் கட்டுகிறவர் எதிர்ப்பக்கம் வருகிறார்.

சட்டம் இருக்கிறது. கம்பெனி வடிவமைப்பை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் மாட்டுவது வண்டி ஓட்டுகிறவர்தான். பத்து நிமிடத்தில் பொருத்திக் கொடுத்த கடைக்காரர் பெயர் சலானில் வராது. அவ்வப்போது போலீஸார் ஹெட்லைட் நடுவில் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கர் பல்பை நேராகப் பார்ப்பதைத்தான் கொஞ்சம் தடுக்கும். ரிஃப்ளெக்டரிலிருந்து கண்டபடி கிளம்பும் ஒளியை அது என்ன செய்யும்?

அப்போ மங்கலான விளக்கோடு திண்டாடவா? வேண்டாம். வடசென்னையில் முதல் குற்றவாளி பெரும்பாலும் பல்பே இல்லை, கடற்காற்று. உப்பு ஏறி கனெக்டர் பச்சை பூத்து, பல்புக்கு வர வேண்டிய வோல்டேஜ் வழியிலேயே குறைந்துவிடும். ஹாலஜனில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். கனெக்டரைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ஒயரை மாற்றி, வெள்ளிப்பூச்சு உரிந்த ரிஃப்ளெக்டரையும் மஞ்சளடித்த கண்ணாடியையும் கம்பெனி பாகமாகவே மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். எல்.ஈ.டி.தான் வேண்டுமென்றால், அதற்கென்றே ரிஃப்ளெக்டரும் சில்லும் சேர்த்து வடிவமைத்த முழு ஹெட்லைட்டோடு கம்பெனியே விற்கிற மாடலை வாங்கலாம். இரண்டையும் பிரித்து ஆளுக்கொரு இடத்தில் வாங்குவது மட்டும் ஆகாது.

ஏற்கனவே மாட்டியவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ராத்திரியில் ஏதாவது ஒரு குடோன் சுவரைப் பார்த்து, இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, லோ பீம் போடுங்கள். ஹெட்லைட் உயரத்துக்குச் சற்றுக் கீழே வெளிச்சம் கோடு போட்ட மாதிரி நிற்க வேண்டும். கோடே இல்லாமல் சுவர் உச்சிவரை வெள்ளையடித்த மாதிரி தெரிந்தால், பழைய ஹாலஜனை எங்கே போட்டு வைத்தீர்கள் என்று தேடுங்கள்.